லைன்பேக்கரின் முழங்கால்

ஒரு மனிதருடைய பாதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார். வலது முழங்கால் மடங்கி, பாதம் விரிப்பில் ஊன்றியிருக்கிறது. அந்தப் பாதம் நகராமல் இருப்பதற்காகத்தான் நான் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். என் இரண்டு கைகளும் அவருடைய முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலின் பின்பக்கமாகக் கோத்திருக்கின்றன. இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். என் பக்கமாக இழுக்க வேண்டும்.

வெளியே மெல்பேர்னின் மே மாதத்து மழை. சுவரோரத்து ஹீட்டர் டிக் டிக் என்று சத்தம் போடுகிறதே தவிர, சூட்டைக் காணோம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு முதியவர் ஊன்றுகோலோடு நடை பழகிக்கொண்டிருக்கிறார். எங்கும் தைல வாசனை.

இந்தச் சோதனையின்போது எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள், அல்லது கண்ணை மூடிக்கொள்வார்கள். இவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தை அல்ல, விரல்களை. ஏன் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இழுக்கப் பயமாக இருக்கிறது.

முழங்கால் உறுதியாக நின்றால் அவர் ஜூலையில் அமெரிக்கா போய் மறுபடி விளையாடுவார். நழுவினால், அவர் தன்னுடையது என்று நினைத்திருந்த ஒரே தொழில் என் கையில் முடிந்துபோகும்.

மெரிலேண்ட்ஸிலிருந்து ஓர் அழைப்பு

போன வாரம் இந்தப் பத்தியில் மெல்பேர்ன் குளிரைத் திட்டித் தீர்த்திருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு, சிட்னியில் மெரிலேண்ட்ஸில் இருக்கும் என் மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மச்சாள், குளிரைத் திட்டினது காணும். அந்த அமெரிக்கனைப் பற்றி எப்ப எழுதப் போறீர்?"

"எந்த அமெரிக்கன்?"

"தெரியாத மாதிரிக் கேக்கிறீர். நான் அங்க வந்து நிண்ட நேரம், இடியப்பத் தட்டைத் தனிய முடிச்ச மனிசன். அண்ணா கடைக்கு ஓடிப் பாண் வாங்கிக்கொண்டு வந்தவர்."

மச்சாளுக்கு மனிதர்கள் சாப்பிட்ட சாப்பாட்டால்தான் ஞாபகம். எனக்கு முழங்கால்களால். பிசியோதெரபி வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றும் நான் இருக்கும் டார்னெய்ட்டில் காய்கறிக் கடை வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர் எந்தக் காலில் பாரத்தைப் போட்டிருக்கிறார் என்றுதான் கண் போகும். முகத்தைப் பார்த்துச் சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் பெயர் கிளிஃப்டன். அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்தவர். என்னைவிட ஒரு படி கறுப்பு. எங்கள் ஆஸ்பத்திரிப் பிரிவில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் மற்றவர்கள் பார்க்காத மாதிரிப் பார்ப்பார்கள். தொழில், லைன்பேக்கர். அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது ஏதோ தச்சு வேலை என்றுதான் நினைத்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் பேசியதெல்லாம் இழுத்து இழுத்துப் பேசும் தெற்கு அமெரிக்க ஆங்கிலம். இத்தனை வருடத்தில் அது என் மனதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிட்டது. மற்றவர்கள் பேசியதும் அப்படித்தான். அந்தத் தமிழிலேயே எழுதுகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கையும் வாயும்

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கொழும்பில் பிசியோதெரபி படித்துவிட்டு, ரயில்வே பொறியியலாளரான கணவர் பாலாவோடு மெல்பேர்ன் வந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருந்தேன். ஃபுட்ஸ்க்ரேயில் வாடகை வீடு. சமைத்துக்கொண்டு குசினி ஜன்னலில் நின்றால் ரயில் போவது தெரியும். பாலா அதற்காகவே அந்த வீட்டை எடுத்தார் என்பது என் நெடுநாள் சந்தேகம். இப்போது வீட்டுக்கு வீடு கோலம் தெரியும் டார்னெய்ட் அப்போது முட்செடியும் செம்மறியாடும்தான்.

நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் பிரிவின் தலைவி மிஸஸ் டொனவன். குள்ளமான பெண்மணி. ரப்பர் அடி வைத்த சப்பாத்து போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். சிவமலர் என்ற என் பெயரை முதல் நாளே 'மாலா' என்று வெட்டிக் கொடுத்தவர் அவர்தான். நான் மறுத்துப் பேசவில்லை. வந்த புதிதில் எதை மறுத்துப் பேசினோம்?

அவரிடம் ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. சோதனையில் என்ன கண்டாலும் நாங்கள் நோயாளியிடம் வாய் திறக்கக் கூடாது. டொக்டரிடம் சொல்ல வேண்டும். டொக்டர் நோயாளியிடம் சொல்வார்.

"எங்களுக்குக் கை, அவையளுக்கு வாய். விளங்குதோ மாலா?" என்பார்.

டொக்டர்மாரின் வாயைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம். நின்றுகொண்டே சொல்வார்கள். பாதி கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொல்கிறவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நோயாளி அப்படியே உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தண்ணீர் கொடுப்பது எங்கள் கை.

மூன்று பந்தாட்டங்கள்

பந்தாட்டம் என்றால் காலால் உதைப்பது என்று நினைத்து வளர்ந்தவள் நான். மெல்பேர்னில் அது வேறு. முட்டை வடிவப் பந்து. உதைக்கலாம், கையால் குத்தலாம், அடுத்தவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறி ஆகாயத்தில் பிடிக்கலாம். சனிக்கிழமை அப்படி ஏறுகிறவர்கள் திங்கட்கிழமை எங்களிடம் நொண்டிக்கொண்டு வருவார்கள். உண்மையில் எங்கள் பிரிவுக்குச் சோறு போட்டது அந்த ஆட்டம்தான்.

கிளிஃப்டனுடையது மூன்றாவது. அதற்கும் முட்டைப் பந்துதான். ஆனால் தலையில் கவசம், தோளில் பலகை போலக் காப்பு. காலால் உதைப்பது அபூர்வம். பிறகு ஏன் அதற்குக் கால்பந்து என்று பெயர் என்று பாலா ஒருமுறை கேட்டார். அதைத் தானும் நெடுநாளாக யோசிப்பதாகக் கிளிஃப்டன் சொன்னார்.

விக்டோரியாப் பள்ளிகளில் ஆசிரியர்கள் போதாமல், அமெரிக்காவில் விளம்பரம் போட்டு, விமானச் சீட்டும் கொடுத்து ஆள் எடுத்த காலம் அது. கிளிஃப்டனும் அப்படி வந்து, சன்ஷைன் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். அந்தத் தோளைப் பார்த்த பிறகு சக ஆசிரியர்கள் சும்மா விடுவார்களா? தங்கள் சனிக்கிழமை அணியில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். இவரும் மற்றவர்களைப் பார்த்து ஆகாயத்துக்கு ஏறினார். இறங்கும்போது வலது முழங்கால் மடிந்தது.

எலும்பு டொக்டர் நடந்துகொண்டே பார்த்தார். "வீக்கம் வத்தட்டும், பிசியோ பார்த்துச் சொல்லட்டும்" என்றார். அப்படித்தான் கிளிஃப்டன் என் சோதனைக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். படுத்தால் பாதம் கட்டிலுக்கு வெளியே போகும் உயரம். எதைச் சொன்னாலும் "ஓம், மேம்" என்பார். என்னை ஒருவர் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதல் நாளே அந்தச் சோதனையைச் செய்து பார்த்தேன். மேசை லாச்சியை, அதாவது இழுப்பறையை, இழுப்பது போலக் காலை முன்னால் இழுக்க வேண்டும். நல்ல முழங்கால் கொஞ்சம் வந்து டக்கென்று நின்றுவிடும். உள்ளே இருக்கும் நார் அறுந்திருந்தால் நிற்காமல் வரும். ஆனால் வீக்கமும் வலியும் இருக்கும்போது தொடைத் தசை இறுகிக்கொள்ளும். இறுகிய தசை முழங்காலைப் பொய் சொல்ல வைக்கும். அன்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கட்டிலிலிருந்து இறங்கும்போது என் சப்பாத்து அவருடைய மற்றக் காலில் இடித்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. சட்டென்று குனிந்து அந்தக் காலைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன். வெள்ளைச் சீருடையும் சட்டையில் பெயர்ப் பட்டியும் போட்டுக்கொண்டு.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மேம், ஏன் அழுறியள்? அவ்வளவு மோசமோ?"

"நான் அழயில்லை."

"கண்ணைத் துடைச்சனீங்கள். நான் பார்த்தனான்."

"துடைக்கயில்லை. என்ர சப்பாத்து உங்களில பட்டுட்டுது. கால் பட்டால் எங்கட ஆக்கள் இப்பிடித்தான் செய்வினம்."

"மன்னிப்புக் கேக்கிறதோ?"

"ஓம். மரியாதையும்தான். ஒவ்வொரு ஆளுக்குள்ளயும் சாமி இருக்குது எண்டு."

 அவர் கட்டில் ஆடுமளவுக்குச் சிரித்தார்.

"என்ர வேலை என்னெண்டு தெரியுமோ, மேம்? ஆக்களோட மோதுறது. சம்பளம் தந்து மோத விட்டவை."

"அப்ப நீங்கள் ஒவ்வொரு தரமும் விழுந்து கும்பிட வேணும்" என்றேன்.

நகம் வெளுத்தால்

ஒரு மாலை பாலா என்னை அழைத்துப்போக வந்தபோது, கிளிஃப்டன் பஸ் தரிப்பில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தார். பாலா காரை நிறுத்தினார். அதுதான் மச்சாள் சொன்ன இடியப்பத்தின் ஆரம்பம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். எங்கள் கதிரைகள் எதுவும் அவரைத் தாங்காது என்று பாலா பயந்து, தன் மேசைக் கதிரையைக் கொண்டுவந்து போடுவார்.

லைன்பேக்கர் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான். மிளகாய்த்தூள் போத்தல், உப்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். முன்னால் இருப்பவை பெரிய உடம்புக்காரர்கள். எதிர் அணிக்காரர்களைத் தள்ளிக்கொண்டு நிற்பவர்கள். அவர்களுக்குப் பின்னால், நடுவில், ஒரு தேத்தண்ணிக் கோப்பை. அதுதான் அவர். பந்தோடு ஓடிவருகிறவன் எந்த இடைவெளியால் வருவான் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அங்கே போய் நின்று அவனை விழுத்த வேண்டும். மற்றவர்களுக்கும் கத்திச் சொல்ல வேண்டும்.

பாலா உப்புப் போத்தலைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார்.

"இது எங்கட கிளித்தட்டுத்தானே" என்றார். "கோட்டில நிண்டு மறிக்கிறது. இவர்தான் கிளி."

கிளித்தட்டு தெரியாதவர்களுக்கு: தரையில் கோடு கீறி, கோடுகளில் ஓர் அணி நின்று மறிக்க, மற்ற அணி அகப்படாமல் கடந்து போக வேண்டும். கோட்டுக்காரர்களின் தலைவன்தான் கிளி. எருமை மாட்டு உடம்போடு ஒரு கிளி என்றதும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்கு விளக்கிச் சொன்னோம். அவரும் ஒத்துக்கொண்டார்.

"வருமுன்னம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் ஊன்றுகோலை வைத்துவிட்டு, நல்ல காலை மடித்துக் குசினித் தரையில் ஒரு கையை ஊன்றிக் காட்டினார். முன்வரிசைக்காரன் ஆட்டம் தொடங்குமுன் இப்படித்தான் கையை ஊன்றியிருப்பானாம்.

"விரலைப் பாருங்கோ, மேம். நகம் வெளுத்திருந்தால் பாரம் முழுக்க விரலில. அவன் முன்னால வாறான். விரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் பாரம் பின்னால. அவன் பின்வாங்கப் போறான். முகம் பொய் சொல்லும். விரலுக்குத் தெரியாது."

அன்றிலிருந்து நானும் நோயாளிகளின் விரல்களைப் பார்க்கத் தொடங்கினேன். வலிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே கட்டில் விளிம்பை நகம் வெளுக்கப் பிடித்திருப்பவர்கள் எத்தனை பேர்! படித்த படிப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

கதவைத் தட்டுகிற மனிதர்

அவருடைய கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. காலில் வெந்நீர் ஒத்தடம் வைத்திருக்கும்போது கொஞ்சம், பயிற்சிக்கு நடுவில் கொஞ்சம்.

பருத்தி விளையும் சிறு ஊரில் பிறந்தவர். பந்தாட்டத்தால் கல்லூரிக்குப் போனார். பிறகு வடக்கே ஓர் இரும்பாலை நகரத்து அணி அவரைக் கடைசி ஆட்களில் ஒருவராக எடுத்தது. முதல் பருவங்களில், பந்து உதைக்கப்பட்டதும் தலை தெறிக்க ஓடிப்போய் எதிரே வருபவர்களை மோதி விழுத்துகிற கூட்டத்தில் ஒருவர். பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஒரு மழை நாளில் நடுவில் நிற்கிறவர் அடிபட்டு வெளியே போக, இவரை உள்ளே அனுப்பினார்கள். அதன் பிறகு சில நல்ல வருடங்கள். ஐம்பதினாயிரம் பேர் கத்தும்போது தன் அணிக்காரர் பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவாராம். அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

முழங்காலுக்கு அந்த நல்ல வருடங்களில்தான் கேடு வந்தது. வீங்கினால் நீரை ஊசியால் எடுப்பார்கள். வலித்தால் வேறோர் ஊசி. ஊசி போட்டால் கால் இருக்கிறதா என்றே தெரியாது, ஓடலாம்.

"என்ர காலை நான் வாடகைக்கு எடுத்த மாடு மாதிரி ஓட்டினனான்" என்றார் ஒருநாள்.

அந்தத் தொழிலில் ஆட்களை நிறுத்துகிற முறையையும் சொன்னார். வருடா வருடம் பருவம் தொடங்குமுன் பயிற்சி முகாம். தேவைக்கு மேலே ஆட்கள் வருவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மனிதர் அறை அறையாக வந்து கதவைத் தட்டுவார். "பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்து வா" என்பார். அவ்வளவுதான். புத்தகத்தைக் கேட்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். ஏன், எதனால், இனி என்ன, ஒன்றும் கிடையாது.

"வருசா வருசம் அந்தச் சப்பாத்துச் சத்தம் என்ர கதவைத் தாண்டிப் போகும். போனாப் பிறகுதான் மூச்சு விடுவன். ஒரு வருசம் தாண்டிப் போகயில்லை."

"பயிற்சியாளர் என்ன சொன்னவர்?"

"அவர் ரெலிபோனில இருந்தவர், மேம். கையால காட்டினவர், புத்தகத்தை மேசையில வை எண்டு."

எனக்கு வந்த கோபத்தில் ஒத்தடத் துணியை இறுக்கிப் பிழிந்துவிட்டேன். முன்பின் தெரியாத அந்தப் பயிற்சியாளருக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யாழ்ப்பாணத்து வசவுகளாகத் தேடிக் கொடுத்தேன். பாலா காரை ஓட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

இரும்புச் சப்பாத்து

வீக்கம் வற்றியதும் இரும்புச் சப்பாத்துப் பயிற்சி. பாதத்தில் இரும்பைக் கட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலை நீட்டி மடக்க வேண்டும். மற்றவர்கள் முனகிக்கொண்டு செய்வதை அவர் ஏதோ பாட்டை மூச்சுக்குள் முணுமுணுத்துக்கொண்டு செய்வார். போதும் என்றால் "இன்னும் ஒருக்கா, மேம்" என்பார்.

அந்த வேகத்துக்குக் காரணம் இருந்தது. ஏப்ரலில் ஒருநாள் அவருடைய பள்ளி அலுவலகத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பழைய அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஒருவர் இப்போது வேறோர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். நடுவில் நின்று கத்த அனுபவம் உள்ள ஆள் வேண்டுமாம். ஜூலையில் முகாமுக்கு வந்து காட்டு, முழங்கால் சரியென்றால் இடம் உண்டு என்றிருக்கிறார்.

"ஒரே ஒரு பருவம் காணும், மேம்" என்றார் கிளிஃப்டன். "அதுக்குப் பிறகு நானே புத்தகத்தை மேசையில வைப்பன்."

அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. ஆட்டத்தை விட்டுப் பிரிந்து வந்த ஆள் இல்லை அவர். வெளியே தள்ளப்பட்டு, கதவு சாத்தப்பட்டவர். திரும்பிப் போய், தானாக நடந்து வெளியே வர ஆசைப்பட்டார். அந்த ஆசை எனக்கு நன்றாகவே விளங்கியது. அவருக்காக நானும் ஆசைப்பட்டேன். கோயில் என்று போய்க் கும்பிட அந்த நாளில் மெல்பேர்னில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க்கில் பெருமாள் வந்து குடியேறப் பிறகும் எத்தனையோ வருடம் ஆனது. குசினி அலுமாரிக்குள் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று, ஓர் அமெரிக்கரின் முழங்காலுக்காகக் கேட்டேன்.

சோதனைக்கு முதல் வாரம், பயிற்சிக்கு நடுவில் அவர் திடீரென்று கேட்டார்.

"மேம், அண்டைக்குக் காலைத் தொட்டுக் கண்ணில வைச்சியளே. பிறகு செய்தாலும் சரியோ? கனகாலம் கழிச்சு?"

"ஏன் கேக்கிறியள்?"

ஒரு பையனாம். பந்தோடு வெளிக்கோட்டுப் பக்கம் ஓடி வந்தான். இவர் மோதினார். விதிப்படிதான் மோதினார், சனம் எழுந்து நின்று கைதட்டியது. பையன் எழும்பவில்லை.

"எங்கட தொழிலில கிட்டப் போய்க் குனிஞ்சு பார்க்கக் கூடாது. பார்த்தால் அடுத்த முறை மெல்லமாத்தான் மோதுவம். நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டனான்."

"அவர் பிறகு விளையாடினவரோ?"

"இல்லை." இரும்புச் சப்பாத்தை ஒருமுறை தூக்கி இறக்கினார். "ஒருக்காத் தொட்டிருக்கலாம்."

பிறகு செய்தாலும் சரிதான் என்று சொன்னேன். சாத்திரத்தில் இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது?

இழுவை

இனி அந்த மே மாதத்து மழைக்குத் திரும்புவோம். நான் அவருடைய பாதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

"காலைத் தளர்த்துங்கோ" என்றேன்.

இத்தனை வாரமும் இறுக்கு, இறுக்கு என்று பிராணனை வாங்கியவள் இப்போது தளர்த்தச் சொல்கிறேன். அவருக்கு வேறு வழியும் இருந்தது. நான் வளர்த்துக் கொடுத்த அந்தத் தொடைத் தசையைக் கொஞ்சம் இறுக்கியிருந்தால் முழங்கால் நின்றிருக்கும். நானும் ஏமாந்திருப்பேன், ஏமாறச் சந்தோஷமாகவே ஏமாந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். ஆனால் மூச்சை விட்டார். என் விரல்களுக்குக் கீழே தசை மெதுவாக இளகியது. தூங்குகிற பிள்ளையின் கால் போலப் பாரமாக வந்து என் கையில் இருந்தது.

இழுத்தேன்.

வந்தது. நிற்க வேண்டிய இடம் வந்தது, நிற்கவில்லை. இன்னும் வந்தது. மறுபடி ஒருமுறை இழுத்தேன், பிள்ளையாரை நினைத்துக்கொண்டு. அதே கதைதான்.

முகத்தை நான் நன்றாகத்தான் வைத்திருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லையே.

"மேம்" என்றார் மெதுவாக. "நீங்கள் பின்வாங்குறியள்."

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் அவர் காலைப் பிடித்திருக்கவில்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தன.

"டொக்டர் வந்து..." என்று தொடங்கினேன்.

"அது கதவைத் தட்டுற மனிசன்ர பேச்சு, மேம். நீங்கள் சொல்லுங்கோ. உங்கட வாயால."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோல் சத்தம் நின்றிருந்தது. நான் கட்டிலிலிருந்து இறங்கினேன். வெளியே போய் இரண்டு கதிரைகளை இழுத்து வந்து எதிரெதிரே போட்டேன். எங்கள் தேநீர் அறையிலிருந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்தேன். அவருடையதில் அவருக்குப் பிடித்த அளவுக்குச் சீனி. அவர் எழுந்து வந்து கதிரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன்.

"உள்ளுக்க இருக்கிற நார் அறுந்துபோச்சு. பயிற்சியால அது ஒட்டாது. நீங்கள் ஒரு குறையும் வைக்கயில்லை. நடக்கலாம், படிப்பிக்கலாம், மெல்ல ஓடலாம். ஓடிக்கொண்டு சட்டெண்டு திரும்பினால் மடியும். ஒருத்தரோட மோதினால் பிறகு நடக்கிறதும் கஷ்டம். நீங்கள் இனி விளையாட ஏலாது, கிளிஃப்டன்."

அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். 

அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலை விலகியது. மிஸஸ் டொனவனின் வெள்ளைத் தலை உள்ளே எட்டிப் பார்த்தது. எதிரெதிரே கதிரைகள், தேத்தண்ணி, என் முகம், அவர் முகம். எல்லாவற்றையும் பார்த்தார். என் வேலைக்கு இன்றோடு சரி என்று நினைத்தேன். அவர் தலையை எடுத்துக்கொண்டு, திரைச்சீலையை இடைவெளி இல்லாமல் இழுத்து மூடிவிட்டுப் போனார். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஆருமே எனக்கு இதைக் கதிரையைப் போட்டு இருந்து சொல்லயில்லை" என்றார் கிளிஃப்டன்.

ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார்.

"நானே கூப்பிட்டு அந்தப் பயிற்சியாளருக்குச் சொல்லுறன். வரயில்லை எண்டு. நானாச் சொல்லுறன்."

"ஓம். நீங்களே சொல்லுங்கோ."

கோப்பையைக் கீழே வைத்தார். காற்சட்டையின் வலது காலை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். பழைய வெட்டுத் தழும்புகளும் ஊசி ஏறிய இடங்களுமாக இருந்த அந்த முழங்காலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பை மெல்ல வளைத்துக் குனிந்து, வலது கை விரல்களால் முழங்காலைத் தொட்டார். தொட்ட விரல்களை ஒரு கண்ணிலும் மற்றக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நான் ஒருநாளும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில்லை. முதல் நாள் ஒருமுறை பார்த்தவர், அவ்வளவுதான்.

"சரியோ, மேம்?"

"சரி" என்றேன். என் கை தானாகக் கண்ணுக்குப் போனது.

அவர் என் விரல்களைப் பார்த்தார்.

"இப்ப அழுறியள்" என்றார்.

"ஓம்" என்றேன்.